பழைய காரின் என்ஜின் சூடேறுகிறதா? கோளாறு எங்கே என்று படிப்படியாகக் கண்டறியும் வழிகாட்டி

வெப்பமானி முள் சிவப்புக் கோட்டை நெருங்கியதும் பெரும்பாலானோர் மனத்தில் எழும் கேள்வி, "எந்தப் பாகத்தை மாற்றுவது?" என்பதுதான். அதற்கு முன்பே கேட்க வேண்டிய கேள்வி ஒன்று உண்டு: எப்போது சூடேறுகிறது? நெரிசலில் நிற்கும்போதா, நெடுஞ்சாலையில் வேகமெடுக்கும்போதா, ஏற்றம் ஏறும்போதா, கிளப்பிய ஐந்தே நிமிடத்திலா? இதற்குத் தெளிவான பதில் கிடைத்தால் பாதி வேலை முடிந்தது.

இதை நான் பணத்தை இழந்துதான் கற்றுக்கொண்டேன். என் பழைய கார் நகருக்குள் ஒழுங்காக ஓடும். நெடுஞ்சாலையில் அரை மணி நேரம் போனால் முள் ஏறத் தொடங்கும். என்ஜின் சூடான பிறகே ரேடியேட்டருக்கு நீரைத் திறந்துவிடும் வால்வான தெர்மோஸ்டாட்டை மாற்றினேன். ரேடியேட்டரை மாற்றினேன். இரண்டாலும் பலனில்லை. கடைசியில் ஒரு மாலை, நண்பரை ஆக்சிலரேட்டரை மிதிக்கச் சொல்லிவிட்டு பானெட்டுக்குள் பார்த்துக்கொண்டு நின்றபோது, ரேடியேட்டரின் கீழ் ஹோஸ் சப்பையாக உள்ளே ஒட்டிக்கொள்வதைக் கண்டேன். பம்ப் இழுக்கும் வேகத்துக்கு ஈடுகொடுக்க முடியாமல், நைந்துபோன ரப்பர் தண்ணீரின் வழியையே அடைத்திருந்தது. மொத்த அமைப்பிலும் மலிவான பாகங்களில் அதுவும் ஒன்று. கார் முதல் நாளிலிருந்தே "வேகத்தில்தான் சூடேறுகிறது" என்று சொல்லிக்கொண்டிருந்தது. நான் அதைக் காதில் வாங்கவில்லை. அதனால்தான் இந்த வழிகாட்டியில் பாகங்களைக் கழற்றுவதைவிடக் கவனித்துப் பார்ப்பதற்கு அதிக இடம் கொடுத்திருக்கிறேன்.

தொடங்கும் முன்: கை வெந்துபோகாமல் இருக்க

சூடான என்ஜினில் ரேடியேட்டர் மூடியைத் திறக்கவே கூடாது. துணி போட்டு மெதுவாகத் திருகினால் பரவாயில்லை என்று சொல்பவர்களின் பேச்சைக் கேட்காதீர்கள். திறந்த பாத்திரத்தில் தண்ணீர் 100 டிகிரி செல்சியஸில் கொதிக்கும். மூடி 1 பார் அளவுக்கு அழுத்தத்தைப் பிடித்து வைத்திருக்கும்போது அதே தண்ணீர் ஏறக்குறைய 120 டிகிரி வரை கொதிக்காமல் இருக்கும். பாதிக்குப் பாதி கூலன்ட் (குளிர்விப்புத் திரவம்) கலந்திருந்தால் அதற்கும் மேலே போகும். மூடி திறந்த நொடியில் அந்த அழுத்தம் இல்லாமல் போகிறது. அடங்கிக் கிடந்த நீர் ஆவியும் கொதிநீருமாக முகத்தில் பீறிடும். மேல் ஹோஸைக் கையால் அமுக்கிப் பாருங்கள். அது தளர்ந்து, தொட்டால் சுடாத நிலைக்கு வந்த பிறகே மூடியில் கை வைக்க வேண்டும்.

மின்விசிறி உள்ள பல கார்களில், சாவியை எடுத்த பிறகும் அது தானாகச் சுழலத் தொடங்கலாம். விரலை நுழைக்கும் முன் பேட்டரியின் நெகட்டிவ் இணைப்பைக் கழற்றிவிடுங்கள். என்ஜினை ஓடவிட்டுச் செய்யும் சோதனைகளைத் திறந்தவெளியில் மட்டும் செய்யுங்கள். கூலன்ட்டில் உள்ள எத்திலீன் கிளைக்கால் நஞ்சு. இனிப்பாக இருப்பதால் நாயும் பூனையும் நக்கிவிடும், குழந்தைகளும் தொட்டு வாயில் வைப்பார்கள். சிந்தியதை உடனே துடைத்துக் கழுவுங்கள். வடித்ததை மூடிய கலனில் எட்டாத இடத்தில் வையுங்கள்.

படி 1: எப்போது சூடேறுகிறது என்று குறித்துக்கொள்ளுங்கள்

இரண்டு மூன்று நாள் ஓட்டத்தை ஒரு தாளில் எழுதி வையுங்கள். வேகம், ஏற்றம், ஏசி ஓடியதா, ஹீட்டரில் சூடான காற்று வந்ததா, எத்தனை நிமிடத்தில் முள் ஏறியது என்பதெல்லாம் அதில் இருக்கட்டும்.

நிற்கும்போதும் ஊர்ந்து போகும்போதும் மட்டும் சூடேறி, வேகமெடுத்ததும் முள் இறங்கினால், காற்றோட்டத்தில் குறை. வேகத்தில் எதிர்க்காற்றே ரேடியேட்டரைக் குளிர்விக்கிறது. நிற்கும்போது அந்த வேலை முழுவதும் விசிறியின் பொறுப்பு. ஆகவே விசிறி, அதன் சுவிட்ச், ரிலே, கிளட்ச் ஆகியவற்றின் மீதே சந்தேகம் விழ வேண்டும்.

நிற்கும்போது நன்றாக இருந்து, வேகத்திலோ ஏற்றத்திலோ சூடேறினால், தண்ணீரின் ஓட்டத்தில் குறை. என்ஜின் அதிகம் உழைக்கும்போது வெளியாகும் வெப்பத்தை எடுத்துச்செல்லும் அளவுக்கு நீர் ஓடவில்லை, அல்லது ரேடியேட்டரால் அவ்வளவு வெப்பத்தை வெளியேற்ற முடியவில்லை. அடைபட்ட ரேடியேட்டர், பாதி திறந்த தெர்மோஸ்டாட், தேய்ந்த பம்ப் இலைகள், உள்வாங்கும் கீழ் ஹோஸ் ஆகியவை இந்தப் பட்டியலில் வரும். சிலிண்டர் ஹெட்டுக்கும் என்ஜின் பிளாக்குக்கும் இடையே உள்ள அடைப்புத் தகடான ஹெட் கேஸ்கெட்டின் தொடக்கநிலைக் கசிவும் பல நேரங்களில் ஏற்றத்தில்தான் முதலில் தலைகாட்டும்.

கிளப்பிய சில நிமிடங்களிலேயே முள் பாய்ந்து ஏறினால் நீர் குறைவு, தெர்மோஸ்டாட் மூடியபடியே சிக்கியிருப்பது, பம்ப் சுழலாமை, ஏர் லாக் (உள்ளே சிக்கிய காற்று நீரோட்டத்தைத் தடுப்பது) ஆகியவற்றைப் பாருங்கள். முள் நடுவுக்கு வரவே மறுத்து, நெடுஞ்சாலையில் மேலும் கீழே இறங்கினால் தெர்மோஸ்டாட் திறந்தபடியே நின்றுவிட்டது என்று பொருள். சூடேறவில்லையே என்று அதை விட்டுவிட வேண்டாம். குளிர்ந்தபடியே ஓடும் என்ஜின் எரிபொருளை வீணாக்கும், வேகமாகத் தேயும்.

முள் உச்சத்தில் இருக்கும்போது ஹீட்டரைப் போட்டால் குளிர்ந்த காற்று வருகிறதா? இது முக்கியமான அறிகுறி. சூடான நீர் ஹீட்டருக்கே வந்து சேரவில்லை. நீர் மட்டம் மிகவும் குறைந்திருக்கிறது, அல்லது பம்ப் நீரைத் தள்ளவில்லை. உடனே ஓரமாக நிறுத்தி என்ஜினை அணைத்துவிடுங்கள். ஹீட்டரில் நல்ல சூடான காற்று வந்தால், ஏசியை அணைத்து ஹீட்டரை முழு வேகத்தில் ஓடவிட்டு, பாதுகாப்பான இடம் வரைக்கும் சமாளிக்கலாம். சூடான என்ஜின் மீது குளிர்ந்த நீரை ஊற்றுவது மட்டும் வேண்டாம். சிலிண்டர் ஹெட் வளைவதற்கும் விரிசல் விடுவதற்கும் அதுவே போதும்.

படி 2: முள் உண்மையைச் சொல்கிறதா?

பழைய காரில் அளவுமானியும் பழையதுதான். என்ஜின் சூடானதும் தெர்மோஸ்டாட் இருக்கும் உறையின் மீது அகச்சிவப்பு வெப்பமானியைக் காட்டிப் பாருங்கள். 90 டிகிரி அளவில் இருக்கிறது, ஆனால் முள் சிவப்பில் நிற்கிறது என்றால், கோளாறு சென்சாரிலோ அதன் கம்பியிலோ மானியிலோ இருக்கிறது. பளபளப்பான உலோகத்தில் இந்தக் கருவி குறைத்துக் காட்டும். ஒரு துண்டுக் கறுப்பு டேப்பை ஒட்டி அதன் மீது அளந்தால் சரியாக வரும்.

மிகப் பழைய கார்கள் பலவற்றில் வெப்பமானிக்கும் பெட்ரோல் மானிக்கும் ஒரே மின்னழுத்த நிலைப்படுத்திதான் மின்சாரம் கொடுக்கிறது. இரண்டு முள்களும் ஒரே நாளில் வழக்கத்தைவிட மேலே காட்டத் தொடங்கினால், என்ஜினைத் தொடாமல் அந்தச் சிறிய பெட்டியை முதலில் பாருங்கள்.

இன்னொன்றையும் மறக்கக் கூடாது. உயர்ந்திருந்த முள் திடீரென்று அடிமட்டத்துக்கு விழுந்தால் நிம்மதி கொள்ளாதீர்கள். நீர் முழுவதும் வெளியேறி, சென்சார் வெறுங்காற்றில் நிற்கும்போதும் அப்படி நடக்கும்.

படி 3: குளிர்ந்த என்ஜினில் கண்ணால் பார்க்க வேண்டியவை

காலையில், காரைக் கிளப்பும் முன் பாருங்கள். முதலில் நீர் மட்டம். ரிசர்வ் தொட்டியை மட்டும் நம்பாமல், ரேடியேட்டரில் மூடி இருந்தால் அதையும் திறந்து பாருங்கள். தொட்டி நிறைந்திருந்தும் ரேடியேட்டர் காலியாக இருப்பதுண்டு. குளிரும்போது சுருங்கும் நீரின் இடத்தைத் தொட்டியிலிருந்து உறிஞ்சிக்கொள்ள வேண்டும். மூடியின் வெற்றிட வால்வு சிக்கியிருந்தாலோ, இடையில் உள்ள சிறு குழாயில் ஓட்டை இருந்தாலோ அது நடக்காது.

பிறகு நீரின் தன்மை. துருநிறமாகக் கலங்கியிருந்தால் துருத்தடுப்புச் சத்து தீர்ந்துபோய் வெகுநாள் ஆகிவிட்டது. எண்ணெய்ப் படலம் மிதந்தால் ஹெட் கேஸ்கெட் அல்லது ஆயில் கூலர். ஆட்டோமேட்டிக் கியர் காராக இருந்து, நீரோ கியர் எண்ணெயோ இளஞ்சிவப்புப் பால் போலத் திரண்டிருந்தால், ரேடியேட்டருக்குள் இருக்கும் எண்ணெய்க் குளிர்விப்பான் உடைந்திருக்கிறது. அந்த வண்டியை அதற்கு மேல் ஓட்டக் கூடாது. கூழாகத் திரண்டிருப்பதற்குப் பொருந்தாத இரண்டு வகைக் கூலன்ட்டுகளைக் கலந்ததும் காரணமாக இருக்கலாம். நிறத்தைப் பார்த்து வகையை முடிவு செய்ய முடியாது. ஒவ்வொரு தயாரிப்பாளரும் விரும்பிய சாயத்தைச் சேர்க்கிறார்கள். காரின் கையேட்டில் சொன்ன வகையே சரி.

ரேடியேட்டர் மூடியைப் பலர் வெறும் மூடி என்றே நினைக்கிறார்கள். அது ஒரு வால்வு. அதன் ரப்பர் வெடித்திருந்தாலோ ஸ்பிரிங் தளர்ந்திருந்தாலோ அழுத்தம் நிற்காது. கொதிநிலை இறங்கி, நல்ல என்ஜின்கூடப் பொங்கி வழியும். மேலே பொறித்திருக்கும் எண் காரின் கையேட்டில் சொன்னதோடு ஒத்துப்போகிறதா என்று பாருங்கள். பழைய காரில் அதிக எண் உள்ள மூடியைப் போட்டால் நல்லது என்று எண்ண வேண்டாம். நைந்த ஹோஸும் பழைய ரேடியேட்டரும் அந்த அழுத்தத்தைத் தாங்காது.

ஹோஸ்களை விரலால் அமுக்கிப் பாருங்கள். கல்லாக இறுகியிருந்தாலும் பஞ்சாக மெத்தென்றிருந்தாலும் மாற்ற வேண்டியதுதான். கிளாம்ப் அருகில் உப்பல், விரிசல், வெள்ளையாகவோ பச்சையாகவோ காய்ந்த உப்புத் தடம் இருக்கிறதா என்றும் பாருங்கள். வாட்டர் பம்ப்பின் அடியில் ஒரு சிறு துளை இருக்கும்; அதிலிருந்து நீர் வழிந்த கறை இருந்தால் உள்ளே இருக்கும் சீல் போய்விட்டது. அந்தத் துளையை அடைத்துக் கசிவை நிறுத்தப் பார்ப்பவர்கள் உண்டு. அப்படிச் செய்தால் நீர் பேரிங்குக்குள் புகும். பம்ப் புல்லியைப் பிடித்து ஆட்டிப் பாருங்கள், கொஞ்சமும் ஆடக் கூடாது. பெல்ட் தளர்ச்சியும் பளபளப்பும் அதோடு கண்ணில் படும்.

காருக்குள் முன்பக்கத் தரைவிரிப்பு ஈரமாக இருந்து, உட்புறக் கண்ணாடியில் பிசுபிசுப்பான படலமும் இனிப்பு வாடையும் இருந்தால் ஹீட்டர் ரேடியேட்டர் கசிகிறது.

படி 4: அழுத்தச் சோதனை

நீர் குறைகிறது, ஆனால் எங்கே போகிறது என்று தெரியவில்லை என்றால் இந்தச் சோதனையைத் தவிர்க்க முடியாது. ரேடியேட்டர் வாயில் பொருத்தும் கைப்பம்ப் ஒன்று இருக்கிறது; ஒர்க்ஷாப்பில் இரவல் கேட்டாலும் கிடைக்கும். குளிர்ந்த என்ஜினில், மூடியில் எழுதியிருக்கும் அழுத்தம் வரை ஏற்றிவிட்டுக் கால் மணி நேரம் காத்திருங்கள். பம்ப்பின் அழுத்த முள் இறங்கினால் எங்கோ கசிகிறது. டார்ச் விளக்கோடு ஒவ்வொரு இணைப்பாகப் போங்கள். பம்ப், ஹோஸ், ரேடியேட்டரின் பிளாஸ்டிக் தொட்டியும் அலுமினியமும் சேரும் விளிம்பு, என்ஜின் பிளாக்கின் பக்கவாட்டில் இருக்கும் வட்டத் தகடுகள் எல்லாவற்றையும் பாருங்கள். அந்தத் தகடுகள் உட்புறத்திலிருந்து துருப்பிடித்து ஊசிமுனை அளவு ஓட்டை விடும். என்ஜினின் பின்புறத்தில் இருந்தால் யார் கண்ணிலும் படாது.

அழுத்தம் இறங்குகிறது, வெளியே ஒரு சொட்டுக்கூட இல்லை என்றால் நீர் என்ஜினுக்குள் போகிறது. அப்போது நேராகப் படி 7.

படி 5: ஒரு முழுச் சூடேற்றத்தை இருந்து பாருங்கள்

எந்தக் கருவியும் காட்டாததை இந்த அரை மணி நேரம் காட்டும். வேறு வேலை வைத்துக்கொள்ளாமல் இதற்கென்றே உட்காருங்கள்.

குளிர்ந்த என்ஜினைக் கிளப்புங்கள். மேல் ஹோஸ் முதலில் குளிர்ந்தே இருக்கும், இருக்க வேண்டும். என்ஜின் சூடாகச் சூடாக அது குளிர்ந்தே நின்று, தெர்மோஸ்டாட் திறக்கும் நேரத்தில் சட்டென்று சூடாகும். பெரும்பாலான தெர்மோஸ்டாட்டுகள் 82 அல்லது 88 டிகிரியில் திறக்கத் தொடங்குகின்றன. எண் அதன் மீதே பொறிக்கப்பட்டிருக்கும். கிளப்பியது முதலே மேல் ஹோஸ் மெல்ல மெல்லச் சூடாகிக்கொண்டு வந்தால் தெர்மோஸ்டாட் திறந்து கிடக்கிறது. முள் நடுவைத் தாண்டியும் மேல் ஹோஸ் குளிர்ந்தே இருந்தால் அது திறக்கவில்லை, அல்லது அதன் அடியில் காற்று சிக்கியிருக்கிறது.

சந்தேகம் இருந்தால் தெர்மோஸ்டாட்டைக் கழற்றி, நூலில் கட்டி, அடிப்பாகத்தைத் தொடாதபடி ஒரு பாத்திரத் தண்ணீரில் தொங்கவிட்டுச் சூடாக்குங்கள். வெப்பமானியைப் பக்கத்தில் வைத்து, எந்த டிகிரியில் திறக்கத் தொடங்குகிறது, முழுதாகத் திறக்கிறதா, ஆறியதும் முழுதாக மூடுகிறதா என்று மூன்றையும் பாருங்கள். பாதி திறந்து நிற்கும் தெர்மோஸ்டாட் ஏமாற்றுக்காரன். நகருக்குள் நல்லவன், ஏற்றத்தில் கைவிடுவான். தெர்மோஸ்டாட்டே இல்லாமல் ஓட்டுவது தீர்வாகாது.

தெர்மோஸ்டாட் திறந்த பிறகு ரேடியேட்டருக்கு வாருங்கள். விசிறியிலிருந்து கையை விலக்கி வைத்துக்கொண்டு, அகச்சிவப்பு வெப்பமானியால் நீர் நுழையும் பக்கத்திலிருந்து வெளியேறும் பக்கம் வரை அளந்துகொண்டே போங்கள். வெப்பம் சீராகக் குறைந்துகொண்டு வர வேண்டும். நடுவில் ஓரிடம் மட்டும் திட்டாகக் குளிர்ந்திருந்தால் அங்கே குழல்கள் அடைபட்டிருக்கின்றன. கடின நீரை ஆண்டுக்கணக்கில் ஊற்றிய கார்களிலும், கசிவை அடைக்கும் தூளைக் கொட்டிய கார்களிலும் இதை அடிக்கடி காணலாம். அந்தத் தூள் ஓட்டையை மட்டும் தேடிப் போய் அடைப்பதில்லை. ஹீட்டரின் மெல்லிய குழல்களையும் சேர்த்தே அடைக்கிறது.

இன்னொருவரை ஆக்சிலரேட்டரை மிதித்து நிமிடத்துக்கு 3000 சுற்றில் பிடிக்கச் சொல்லிவிட்டு, கீழ் ஹோஸைப் பாருங்கள். உள்வாங்கிச் சப்பையானால் என் கதைதான் உங்கள் கதையும். சில கார்களில் இதைத் தடுக்கவே உள்ளே ஒரு கம்பிச்சுருள் இருக்கும். அது துருப்பிடித்து உதிர்ந்தபின் ஹோஸ் மட்டும் வெளியிலிருந்து நன்றாகத் தெரியும். கீழ் ஹோஸ் சரி, தெர்மோஸ்டாட் சரி, ரேடியேட்டரில் அடைப்பில்லை, ஆனாலும் மேல் ஹோஸ் கொதிக்க, கீழ் ஹோஸ் ஏறக்குறைய குளிர்ந்தே இருக்கிறது என்றால் பம்ப்பைக் கழற்றிப் பார்க்கும் நேரம் வந்துவிட்டது. வெளியே சொட்டாத பம்ப்பிலும் உள்ளே இருக்கும் இலைகள் அரித்துத் தேய்ந்திருக்கலாம். பிளாஸ்டிக் இலையாக இருந்தால் தண்டிலிருந்து நழுவிச் சும்மா நிற்கலாம்.

படி 6: விசிறி

மின்விசிறி என்றால் அது எப்போது ஓடத் தொடங்குகிறது என்று இந்தச் சூடேற்றத்திலேயே தெரிந்துவிடும். முள் நடுவுக்கு மேல் போயும் ஓடவில்லை என்றால் வரிசையாகப் போங்கள்: ஃபியூஸ், ரிலே, பிறகு ரேடியேட்டரில் உள்ள வெப்பச் சுவிட்ச், கடைசியில் மோட்டார். இரண்டு கம்பி உள்ள சாதாரண வெப்பச் சுவிட்ச் என்றால், அதன் இணைப்பைக் கழற்றி இரண்டு முனைகளையும் ஒரு கம்பியால் இணையுங்கள். விசிறி ஓடினால் சுவிட்ச்தான் குற்றவாளி. ஓடாவிட்டால் மோட்டாருக்கு நேராக 12 வோல்ட் கொடுத்துப் பாருங்கள். யாராவது முன்பு கம்பிகளை மாற்றி இணைத்திருந்தால் விசிறி தலைகீழாகச் சுழன்று, எதிர்க்காற்றோடு மல்லுக்கட்டும். என்ஜினின் முன்பகுதியில் ரேடியேட்டருக்குப் பின்னால் விசிறி அமைந்த கார்களில் ஒரு தாளை ரேடியேட்டரின் முன்பக்கம் பிடியுங்கள்; அது உள்ளே இழுத்து ஒட்டிக்கொள்ள வேண்டும்.

என்ஜினே சுழற்றும் கிளட்ச் விசிறியாக இருந்தால், என்ஜினை நிறுத்திவிட்டுக் கையால் சுழற்றுங்கள். லேசான பிடிப்போடு சுழன்று நிற்க வேண்டும். பம்பரம் போலத் தடையின்றிச் சுழன்றாலோ, நடுவில் எண்ணெய்க் கசிவு தெரிந்தாலோ உள்ளிருந்த சிலிக்கோன் திரவம் போய்விட்டது. விசிறியைச் சுற்றி இருக்க வேண்டிய பிளாஸ்டிக் கூடு காணாமல் போயிருக்கிறதா என்றும் பாருங்கள். பழுது பார்க்கும்போது கழற்றிவிட்டு மாட்டாமலே விட்ட கார்கள் எத்தனையோ. அது இல்லாவிட்டால் விசிறி ரேடியேட்டரின் வழியாக இழுக்காமல் பக்கத்துக் காற்றையே சுற்றிக்கொண்டிருக்கும்.

படி 7: ஹெட் கேஸ்கெட்

இந்தப் பெயரைக் கேட்டதுமே பயந்து காரை விற்றுவிடுபவர்கள் உண்டு. வேறு எல்லாவற்றையும் பார்த்த பிறகே இதற்கு வாருங்கள். வந்தால் உறுதியாகத் தெரிந்துகொள்ளுங்கள்.

குளிர்ந்த என்ஜினைக் கிளப்பிய ஓரிரு நிமிடங்களிலேயே மேல் ஹோஸ் கல்லாக விறைக்கிறதா? நீர் சூடாகி விரிய அந்த நேரம் போதாது. எரியறையின் வாயு உள்ளே புகுகிறது. மூடியைத் திறந்து வைத்துக் குளிர்ந்த என்ஜினைக் கிளப்பினால் ரேடியேட்டர் வாயில் குமிழிகள் நிற்காமல் வருகின்றனவா? சிறிது நேரத்தில் அடங்கும் குமிழிகள் சிக்கியிருந்த காற்று. ஆக்சிலரேட்டரை மிதிக்கும்போது கூடும் குமிழிகள் வாயு. இனிப்பு வாடையோடு வெண்புகை தொடர்ந்து வருவதும், ஆயில் மூடியின் அடியில் வெளிர்க்குழம்பு படிந்திருப்பதும் அறிகுறிகள்தான். ஆனால் குறைந்த தூரமே ஓடும் காரில் வெறும் ஈரப்பதத்தாலும் ஆயில் மூடியில் அந்தக் குழம்பு படியும். அதை மட்டும் வைத்து ஹெட்டைக் கழற்றச் சொன்னால் ஒப்புக்கொள்ளாதீர்கள்.

உறுதிப்படுத்த நல்ல வழி இரசாயனச் சோதனை. ரேடியேட்டர் வாயில் வரும் காற்றை ஒரு நீலத் திரவத்தின் வழியே இழுக்கும் கருவி அது. எரியறையின் வாயு கலந்திருந்தால் பெட்ரோல் என்ஜினில் நீலம் மஞ்சளாக மாறும். அதோடு, ஒவ்வொரு சிலிண்டரும் எவ்வளவு அழுத்தம் தருகிறது என்று அளக்கும் கம்ப்ரஷன் சோதனையும் செய்யுங்கள். பக்கத்துப் பக்கத்துச் சிலிண்டர்கள் இரண்டு மட்டும் சேர்ந்தாற்போல் குறைவாகக் காட்டினால் அவற்றுக்கு இடையே கேஸ்கெட் எரிந்திருக்கிறது. ஸ்பார்க் பிளக்குகளைக் கழற்றி வரிசையாக வையுங்கள். மற்றவை பழுப்பாக இருக்க, ஒன்று மட்டும் கழுவி எடுத்ததுபோல் இருந்தால், நீர் போகும் சிலிண்டர் அதுவே. ஹெட்டைக் கழற்றினால், புதிய கேஸ்கெட்டைப் போடும் முன் அது வளைந்திருக்கிறதா என்று நேர்ச்சட்டம் வைத்து அளக்காமல் மூடக் கூடாது.

குளிர்விப்புக்கு வெளியே இருக்கும் காரணங்கள்

எல்லாம் சரியாக இருந்தும் சூடேறினால், வெப்பம் அதிகமாக உண்டாகிறது என்று கொள்ளுங்கள். இக்னிஷன் டைமிங் (தீப்பொறி விழும் நேரம்) பின்தங்கியிருப்பது, எரிபொருள் குறைந்த கலவை, பிடித்தபடியே ஓடும் பிரேக், அடைபட்ட சைலன்ஸர் ஆகிய ஒவ்வொன்றும் என்ஜினைக் கூடுதலாக உழைக்க வைக்கும் அல்லது வெப்பத்தை உள்ளேயே நிறுத்தும். ஓட்டி நிறுத்தியதும் நான்கு சக்கரங்களின் வெப்பத்தையும் அளந்து பார்த்தால் பிரேக் விஷயம் ஒரு நிமிடத்தில் தெரிந்துவிடும்.

படி 8: திரும்ப நிரப்புவது

சரியான பழுதைச் சரியாகப் பார்த்துவிட்டு, நிரப்பும்போது காற்றை உள்ளே விட்டுவிட்டு, மறுபடியும் சூடேறுகிறது என்று புலம்புபவர்களைப் பார்த்திருக்கிறேன். ரேடியேட்டர் வாய்தான் உயரமான இடமாக இருக்கும்படி காரின் முன்பக்கத்தைச் சற்று உயர்த்தி நிறுத்துங்கள். ஹீட்டர் குமிழை முழுச் சூட்டில் வையுங்கள். காற்று வெளியேற்றும் திருகு இருந்தால், அதில் குமிழியில்லாமல் நீர் வரும் வரை திறந்து வையுங்கள். காய்ச்சி வடித்த நீரும் கூலன்ட்டும் பாதிக்குப் பாதி கலந்து, மெதுவாக, அவ்வப்போது ஹோஸ்களை அமுக்கிவிட்டு ஊற்றுங்கள். தெர்மோஸ்டாட் திறந்ததும் மட்டம் சட்டென்று இறங்கும், அப்போது மீண்டும் நிரப்புங்கள். விசிறி இருமுறை ஓடி நின்று, ஹீட்டரில் நிலையான சூடான காற்று வந்தால் காற்று வெளியேறிவிட்டது.

மறுநாள் காலை குளிர்ந்த நிலையில் ரிசர்வ் தொட்டியின் வெளிப்புறத்தில், நீர் நிற்கும் இடத்தில் பேனாவால் ஒரு கோடு போட்டுத் தேதியை எழுதுங்கள். முதல் வாரம் தினமும் கிளப்பும் முன் பாருங்கள். முதல் இரண்டு நாளில் விரற்கடை அளவு இறங்குவது மிச்சக் காற்று வெளியேறியதால். அதன் பிறகும் கோட்டுக்குக் கீழே போய்க்கொண்டிருந்தால், படி 4-க்குத் திரும்பி அழுத்தப் பம்ப்பை மறுபடியும் மாட்டுங்கள்.